மரக்குளிசைக் கொட்டில்

என் அண்ணைக்கு எல்லாம் தெரியும். டென்மார்க்கின் வரிச்சட்டம் தெரியும், காரின் கியர்ப்பெட்டி தெரியும், முழங்காலுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று தெரியும், அடுத்தவர் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதும் தெரியும். கோல்டிங்கில் தன் வீட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டே எங்கள் எல்லாருடைய வீடுகளையும் நடத்திவிடுவார். அவருக்குத் தெரியாத ஒரே விஷயம், தனக்கும் ஏதாவது தெரியாமல் இருக்கலாம் என்பதுதான். எல்லாத் தமிழ்க் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு என்று ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கட்டும், ஆனால் மற்றக் குடும்பங்களில் அவர் வாயோடு நின்றுவிடுகிறார். எங்கள் வீட்டில் கொட்டில் கட்டினார்.

நாங்கள் இக்காஸ்டில் நெடுங்காலம் மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு அங்கேதான் தொழிற்சாலை வேலை. பிள்ளை வளர்ந்து ஆர்ஹுஸுக்குப் படிக்கப் போன பிறகு, சில்க்போர்க்கிற்கு வெளியே ஒரு கிராமத்தில் பழைய செங்கல் வீடொன்றை வாங்கினோம். வாங்கும்போது யன்னலைப் பார்த்தோம், குசினியைப் பார்த்தோம், சாமியறைக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். வீடு எதனால் சூடாகிறது என்று பார்க்கவில்லை. அது மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளால் சூடாகும் வீடு. டேனிஷில் அதற்கு மரக்குளிசை, அதாவது மரமாத்திரை, என்றுதான் பெயர், சொல்லுக்குச் சொல் அப்படியே. நாங்களும் குளிசை என்றே சொல்லத் தொடங்கினோம். நான் சில்க்போர்க்கில் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். பகல் முழுக்கக் கிழவர்களுக்குக் குளிசை கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பொயிலருக்குக் குளிசை கொடுப்பேன். இரண்டு தரப்பிலும் பொயிலர்தான் கூடுதலாக அடம்பிடித்தது.

அந்தப் பொயிலருக்கு ஈரம் ஆகாது. துளி ஈரம் பட்ட குளிசை ஊதி உடைந்து மீண்டும் மரத்தூளாகிவிடும். பொயிலரின் திருகுகுழாயில் அது போய் அடைத்துக்கொண்டால் வீடு குளிர்ந்துவிடும். இதெல்லாம் எங்களுக்கு முதல் மாரியில் தெரியாது. லொறிக்காரன் பைகளை அடுக்கிய மரத்தட்டை, பலட்டை, கொண்டுவந்து கேற்றடியில் இறக்கிவிட்டுப் போனான். பொயிலர் அறையில் வைக்க இடமில்லை. அங்கே என் கணவரின் பழைய கார்ச் சில்லுகளும், கலியாண வீட்டுக்கென்று வாங்கி ஒரு கலியாணத்துக்கும் பயன்படாத அண்டாவும், யாருக்கோ திருத்திக் கொடுப்பதாக வாங்கிவைத்த தையல் மெசின்களும் இருந்தன. ஆகவே பைகளைப் புல்லில் அடுக்கித் தறப்பாளால் மூடினோம். டென்மார்க்கின் மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை, பக்கத்தாலும் பெய்யும், நிலத்திலிருந்தும் ஏறும். தை பிறப்பதற்குள் அடிவரிசைப் பைகள் எல்லாம் ஊறின பிண்ணாக்காகிவிட்டன. ஒரு பையை வெட்டிக் கொட்டிப் பார்த்து என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவர் கையை எடுத்த பிறகுதான் நான் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

செய்தி பரவியது. ஹேர்னிங்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஆண்கள் மேசை முழுக்க எங்கள் குளிசைதான். அந்த மேசையில் ஒருவர் வீட்டிலும் பொயிலர் கிடையாது. எல்லாரும் தெருவுக்கடியில் குழாயில் வரும் சுடுநீரில் குளிர்காய்கிறவர்கள். ஆனாலும் ஆளுக்கொரு ஆலோசனை வைத்திருந்தார்கள். ஒருவர் உப்புப் போடச் சொன்னார். இன்னொருவர் கட்டிலுக்குக் கீழே அடுக்கலாம் என்றார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பதுபோல, இறால் பொரியலை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்கள். என் கணவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். அந்த மேசையின் தலைமாட்டில் அண்ணை இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது கண்டு எனக்குப் பயம் பிடித்தது.

பயந்தபடியே, கோடை தொடங்கியதும் காருக்குப் பின்னால் இழுவைவண்டி பூட்டிக்கொண்டு பலகையும் தகரமுமாக வந்து இறங்கினார். தேநீர்கூடக் குடிக்கவில்லை. வளவை ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்து வீட்டு வேலியோரம் போய் நின்று காலால் நிலத்தைத் தட்டினார்.

"இதிலைதான் போடவேணும்."

"அண்ணை, அது அவவின்ரை வேலியோடை ஒட்டியெல்லே இருக்கு" என்றேன். "எங்கடை பொயிலர் அந்தப் பக்கம். மழைக்கை அங்கையிருந்து ஆர் பை காவுறது?"

"உனக்கொண்டும் விளங்காது பிள்ளை. எல்லையைச் சும்மா விட்டா மற்றவன் கொஞ்சங் கொஞ்சமா அரக்கிக்கொண்டு வருவான். நாங்கள் கொட்டிலைப் போட்டிட்டமெண்டால் பிறகு ஒருத்தரும் அசைக்கேலாது."

நான் வேலியைப் பார்த்தேன். அது இடுப்புயரச் செடிவேலி. அந்தப் பக்கம் எண்பது வயது தாண்டிய ஒரு டேனிஷ் அம்மா தனியாக இருக்கிறார். அவருடைய வளவில் பாதியை அவர் மிதிப்பதே இல்லை. இருக்கிற புல்லை வெட்டவே ஆள் பிடிக்கிற மனுசி, எங்கள் பக்கத்துப் புல்லையும் களவெடுத்து அதையும் வெட்டுவாரா? ஆனால் அண்ணைக்கு இதைச் சொல்லிப் பயனில்லை. ஒரு சாண் எல்லைக்காக வழக்குப் பேசி, இரண்டு பரப்புக் காணியை அப்புக்காத்துக்கு எழுதிக் கொடுத்த பரம்பரை நாங்கள். கடல் தாண்டினோம், பனியில் நடக்கப் பழகினோம், உருளைக்கிழங்கைக் கறியில்லாமல் சாப்பிடப் பழகினோம். வேலியைக் கண்டால் மட்டும் எங்கள் ஆண்களின் இரத்தம் இன்னும் கொதிக்கிறது.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் விதிகளைத் தேடிப் படித்துவிட்டு டேனிஷில் பதில் சொன்னாள். சின்னக் கொட்டிலுக்கு அனுமதி எடுக்கத் தேவையில்லை. ஆனால் எல்லையிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் கட்டினால் உயரமும் இரண்டரை மீட்டரைத் தாண்டக் கூடாது, கூரைத் தண்ணீர் எங்கள் நிலத்துக்குள்தான் விழவேண்டும். இதை அண்ணையிடம் சொன்னேன். அனுமதி தேவையில்லை என்ற முதல் பாதியோடு அவருடைய காது மூடிக்கொண்டது.

"பாத்தியே, பெர்மிஷன் தேவையில்லை. பிறகென்ன?"

அனுமதி வேண்டாம் என்றால் விதியும் இல்லை என்று அர்த்தம் செய்துகொள்கிற மூளைக்கு என்ன சொல்வது? என் கணவரைப் பார்த்தேன். அவர் குழி தோண்டக் கொண்டுவந்த அலவாங்கைப் பார்த்தார்.

"மச்சான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கொட்டில் எழுந்தது. ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன். ஒரு பலட்டுக்கு மேல் இன்னொரு பலட்டை வைக்கலாம், இடம் மிச்சம் என்றார் அண்ணை. மேல் பலட்டை யார் தூக்கி வைப்பது என்று கேட்டேன். தொழிற்சாலைகளில் தூக்கிவண்டி அப்படித்தான் வைக்கும் என்றார். எங்கள் வீட்டில் தூக்கிவண்டி இல்லை, என் கணவரின் முதுகுதான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் அடுத்த பலகையை அளக்கப் போய்விட்டார். கூரையை வேலிப்பக்கமாகச் சரித்தார். எங்கள் பக்கம் தண்ணீர் விழுந்தால் கொட்டிலின் அடி உக்கிவிடுமாம். அந்தப் பக்கம் யார் தலையில் விழுகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். நன்றாக யோசித்துத்தான் செய்தார் என்று இப்போது தெரியும்.

பக்கத்து வீட்டு அம்மா கடைசி நாளில் கோப்பித் தட்டோடு வேலியருகே வந்தார். கொட்டிலை அடியிலிருந்து முடி வரை பார்த்தார். "உயரமாக இருக்கிறதே" என்றார். எங்கள் பகுதியான யூலாண்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒருவர் இவ்வளவு சொன்னால் அது ஏறக்குறைய வசவு. அண்ணை அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு இரண்டு முறை நன்றி சொன்னார்.

அந்த அம்மாவை நான் முன்பே விரும்பத் தொடங்கியிருந்தேன். ஊமைச் சிரிப்பும் குத்தலுமாக, என் வேலையில் நான் காணும் அலுத்துப்போன வயோதிபர்களுக்கு நேர்மாறு. அவருடைய வீடும் குளிசையால் சூடாவதுதான். அவருக்கும் ஒரு கொட்டில் இருந்தது. கணவர் உயிரோடு இருந்தபோது இரண்டு பேருமாகக் கட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம், அவருடைய பின்கதவுக்குப் பக்கத்திலேயே. காலையில் ஒரு வாளியோடு போய், பையிலிருந்து கோப்பையால் அள்ளி வாளியை அரைவாசி நிரப்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். ஏன் இதைவிட இலேசான ஏதாவது வழிக்கு மாறவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"இது இருக்கிறபடியால்தான் காலையில் கட்டிலை விட்டு இறங்குகிறேன்" என்றார். "கொட்டில் கதவடியில் இருக்கும்வரை நான் இந்த வீட்டில் இருப்பேன். ரோட்டடியிலிருந்து சுமக்க வேண்டி வந்தால் அன்றைக்கு முடிந்தது."

இதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. எனக்கு அது விளங்கியது. ஒரு மனிதர் தன் வீட்டில் இருப்பதா இல்லையா என்பதைப் பெரிய நோய்கள் தீர்மானிப்பதில்லை. குளியலறைப் படி, கதவடி வாளி, இவைதான் தீர்மானிக்கும். இதை நான் வேலையில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இலையுதிர் கால மழை தொடங்கியது. எங்கள் கூரையில் விழுந்த தண்ணீர் முழுவதும் வேலியைத் தாண்டி, அவர் வாளியோடு நடக்கும் கல்பாதையில் கொட்டியது. அவர் இரண்டு மழையைப் பொறுத்தார். மூன்றாவது மழைக்குப் பிறகு வேலியருகே என்னைக் கண்டு, பாதை கொஞ்சம் வழுக்குகிறது, கூரையோரம் தண்ணீரை வாங்க ஒரு பீலி போட்டால் நல்லதோ என்று கேட்டார். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். அன்றைக்கே அண்ணையை அழைத்துச் சொன்னேன். அதுதான் நான் செய்த வேலைகளில் உதவாத வேலை.

"தொடங்கிட்டாளோ?" என்றார் அண்ணை. "இண்டைக்குத் தண்ணி எண்டுவாள், நாளைக்குக் காணி எண்டுவாள். நீ ஒண்டும் கதையாதை. நான் பாத்துக்கொள்ளுறன்."

பீலி வாங்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. சில கிழமைகள் கழித்துக் கொம்யூன் என்கிற நகரசபையிடமிருந்து மின்தபால் வந்தது. கொம்யூன் எப்போதும் அன்பாக எழுதும். வணக்கம் சொல்லி, எங்கள் கொட்டிலை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்ததாகவும், அது எல்லைக்கு அருகில் உயரம் மீறியிருப்பதாகவும், அதைச் சரிசெய்யவோ அகற்றவோ வேண்டும் என்றும், நல்ல நாளாக அமையட்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மாரி வாசலில் நிற்கிறது, இரண்டு பலட் குளிசை உள்ளே இருக்கிறது, நல்ல நாளாம்.

அண்ணைக்குச் சொன்னோம். அவருடைய குரலில் துக்கத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம் கேட்டது.

"நான் அப்பவே சொன்னன். அவள்தான் எழுதிப்போட்டிருக்கிறாள். வெள்ளைக்காரி சிரிச்சுச் சிரிச்சுக் கழுத்தறுப்பாள்."

என் கணவர் அதை உடனே நம்பினார். நம்புவது அவருக்கு எப்போதும் இலேசு. மறுநாள் அந்த அம்மா வேலியருகே கை காட்டியபோது இவர் காணாதவர்போலத் திரும்பி நடந்தார். எனக்கு இரத்தம் கொதித்தது. கோப்பித் தட்டோடு வந்த மனுசிக்கு முகத்தைத் திருப்பிக் காட்டவா நாட்டுக்கு நாடு தாண்டி வந்தோம்?

"உங்களுக்கு வாய் இல்லையே? போய்க் கேக்கிறதுதானே" என்றேன்.

"நீர் போய்க் கேளுமன்" என்றார்.

போனேன். அவர் குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். முன்னால் கோப்பி ஆறிப்போய்க் கிடந்தது. நான் வாய் திறப்பதற்கு முன் அவரே சொன்னார், தனக்கும் கொம்யூன் எழுதியிருக்கிறது என்று. அவருடைய கொட்டிலும் எல்லையோடு ஒட்டியிருக்கிறது, அதுவும் உயரம். யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள் என்றார். யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை உண்டாம், ஆனால் தெரிந்து என்ன செய்வது என்றார். பிறகு யாருக்கு எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்று மதிப்பிட வரும் கொம்யூன்காரியின் இலக்கத்தை என்னிடம் கேட்டார்.

அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம். அதைச் சொல்வதற்கு என் வாய் வரவில்லை. அந்தப் பெண் வருவாள், இனிமையாகப் பேசுவாள், வாளியைப் பார்ப்பாள், பாதையைப் பார்ப்பாள், இரண்டு மாதத்தில் இந்தக் குசினி காலியாகும். இப்போதைக்கு வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் வேலையிடத்து இடைவேளையில் கொம்யூனை அழைத்தேன். இளம் பெண்ணொருத்தி பேசினாள். வழக்கு எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். அவள் திகைத்துப்போனாள்.

"நீங்கள்தானே அழைத்தீர்கள்" என்றாள். "உங்கள் முகவரியிலிருந்து ஓர் ஆண் பேசினார். பக்கத்து வீட்டுக் கொட்டில் எல்லையை மீறியிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். படத்தில் பார்த்தபோது உங்களுடையதும் தெரிந்தது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் விட எங்களுக்கு வழியில்லை."

அந்த ஆண் எப்படிப் பேசினார் என்று கேட்டேன். மிகவும் உறுதியாகப் பேசினார் என்றாள். உறுதியாக. அதற்கு மேல் அடையாளம் எனக்குத் தேவைப்படவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதையை இதுவரை நான் கதையென்றுதான் நினைத்திருந்தேன்.

கார் தரிப்பிடத்தில் நின்றே அண்ணையை அழைத்தேன்.

"நீங்கள் எங்கடை விலாசத்திலை கொம்யூனுக்கு அடிச்சனீங்களோ?"

அண்ணை தொண்டையைச் செருமினார்.

"உங்கடை நன்மைக்குத்தான். அவள் முந்த முன்னம் நாங்கள் முந்தவேணும். இல்லையெண்டால் தண்ணிக்கு வழக்குப் போட்டிருப்பாள்."

"அவ பீலிதான் கேட்டவ."

"பீலியிலைதான் எல்லாம் தொடங்கும் பிள்ளை. உனக்கு ஊரிலை நடந்ததுகள் தெரியாது."

"அவவின்ரை கொட்டில் போனா அவ வீட்டையும் விட்டிட்டுப் போகவேணும். விளங்குதே?"

"அதுக்கு நான் என்ன செய்யிறது? சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே."

சட்டம் எல்லாருக்கும் ஒன்று. அனுமதி தேவையில்லை, பிறகென்ன என்று கேட்ட மனிதர் சொன்னார் இதை. நான் தொடர்பைத் துண்டித்தேன். என் கூடப்பிறந்தவரை அவ்வளவு வெறுத்த நாள் அதற்கு முன் இல்லை. அவருடைய திருமணத்துக்கு முன்தினம் என் சைக்கிளை விற்றபோதுகூட.

எங்கள் கொட்டிலைச் சரிசெய்வது பெரிய காரியமாக இருக்கவில்லை. என் கணவர் அண்ணையைக் கேட்காமல், அதற்குக் காரணமும் நான்தான், கால்களை அறுத்துத் தாழ்த்தினார். கூரையை எங்கள் பக்கம் திருப்பிச் சரித்தார், பீலியும் போட்டார். வேலை முடியும்வரை ஒருவரும் ஆலோசனை சொல்லாதபடியால் ஆச்சரியமாக வேகமாக முடிந்தது. கொம்யூன் படம் கேட்டது, அனுப்பினோம், நன்றி என்றது. என் கணவர் தானே வேலிக்குப் போய் அந்த அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

அவருடைய கொட்டிலுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. என் கணவர் போய்ப் பார்த்தார். கால்கள் அடியில் உக்கி, பலகைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அறுத்துத் தாழ்த்தினால் மொத்தமும் சரிந்துவிடும். புதிதாகத் தாழ்வாக ஒன்று கட்டித் தருகிறேன் என்றார் இவர். வேண்டாம் என்று அந்த அம்மா தலையாட்டினார். தன் வயதில் யாரும் புதிதாகக் கட்டுவதில்லை என்றார். புல் வெட்ட வரும் ஆட்களைக் கொண்டே அதை இடிப்பித்து விட்டார். கொட்டில் இருந்த இடத்தில் சேற்றில் நான்கு குழிகள் தெரிந்தன. அவருக்கு வந்த புதுப் பலட் ரோட்டடியில் பிளாஸ்ரிக் உறையோடு நின்றது. அவருடைய கதவிலிருந்து ரோட்டடிக்கு நல்ல தூரம்.

எங்கள் கொட்டிலை எங்கே போடக் கூடாதென்று நான் தலையால் அடித்துக்கொண்டேனோ, அந்த இடம் அவருடைய பின்கதவுக்கு நேரெதிரே. எங்கள் பொயிலருக்குத் தூரம். அவருடைய பொயிலருக்கு வாளி தூக்கும் தூரம். இது ஏன் இத்தனை நாள் என் மண்டையில் ஏறவில்லை என்று தெரியவில்லை. உடனே போய்ச் சொன்னேன், உங்கள் பைகளை எங்கள் கொட்டிலில் அடுக்குங்கள், நடுவில் இருக்கும் வேலியில் இரண்டு செடியைப் பிடுங்கிவிடலாம் என்று. வேலி இரண்டு வீட்டுக்கும் பொது, இருவரும் சம்மதித்தால் கொம்யூனுக்கு அதில் வேலையில்லை. அவர் நெடுநேரம் யோசித்தார். பிறருக்குப் பாரமாக இருப்பது தனக்குப் பிடிக்காது என்றார். பாரம் குளிசைப் பைதான், அதையும் நாங்கள்தான் தூக்கப்போகிறோம் என்றேன். அப்போது சிரித்தார். அந்தச் சனிக்கிழமையே இவர் இரண்டு செடிகளைக் கிளப்பினார். எங்கள் ஊர்ப்பக்கம் இதைப் பொட்டு என்பார்கள், ஆள் நுழைய வேலியில் விடுகிற வழியை.

பைகளை மட்டும் இவரை நான் காவ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லி அண்ணையை அழைத்தேன். ஆட்டிறைச்சிக் கறி என்று சொன்னேன். கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்து, மினுக்கிய சப்பாத்தும் புதுக் குளிர்ச்சட்டையுமாக வந்தார். காரை விட்டு இறங்கியதும் கண் வேலிக்குத்தான் போனது. நின்றுவிட்டார்.

"உதென்ன பொட்டு?"

"அவ வந்து போக."

"உங்களுக்கென்ன விசரோ? எல்லையை நீங்களே திறந்து விட்டிருக்கிறியள். பத்து வருசம் நடந்தாளெண்டால் பாதை எண்டு உரிமை கேப்பாள்."

"பத்து வருசம் நடந்தாவெண்டால் நான் கோயிலுக்கு நேத்தி வைப்பன்" என்றேன்.

அந்த நேரத்தில் அந்த அம்மா பொட்டால் வந்தார். கையில் வாளி இருக்கவில்லை. ரோட்டடிப் பலட்டிலிருந்து ஒரு முழுப் பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வளவைச் சுற்றி, மூச்சிரைக்க வந்து நின்றார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதாம், ஒன்றையாவது தானே கொண்டுவர வேண்டுமாம். நான் ஓடினேன். அவர் பையைத் தரவில்லை. என் பின்னால் நின்ற அண்ணையைப் பார்த்தார்.

"இவர் என் அண்ணா" என்றேன் டேனிஷில். "கொம்யூனை அழைத்தது இவர்தான்."

அண்ணையின் முகத்தில் இருந்த நிறம் போனது. அவர் என்னைத் தமிழில் ஏதோ சொல்லித் தடுக்கப் பார்த்தார். நான் திரும்பவில்லை.

"நோ" என்றார் அந்த அம்மா. டேனிஷ்காரரின் நோ மறுப்பு இல்லை. அப்படியா என்பதற்கும், சரி என்பதற்கும், எனக்கு நீ யாரென்று இப்போது தெரிந்துவிட்டது என்பதற்கும் அந்த ஒரு சொல்தான். அவர் அண்ணையைச் சாவதானமாகப் பார்த்தார். குரல் உயரவே இல்லை.

"நான் முதியோர் இல்லத்துக்குக் கதைத்துவிட்டேன், தெரியுமா?" என்றார். "ஒரு அறை. எந்தக் கதிரையைக் கொண்டுபோவது என்றுகூடத் தீர்மானித்திருந்தேன். அங்கே ஒன்றுக்குத்தான் இடமிருக்காம்."

எனக்கு இது புதுச் செய்தி. இலக்கத்தை நான் கொடுக்கவில்லை, அவரே தேடி எடுத்திருக்கிறார். அண்ணை எதையோ விளக்கத் தொடங்கினார், சட்டம் என்றார், தவறான புரிதல் என்றார், அவருடைய உறுதியான டேனிஷில் வினைச்சொற்கள் இடம் மாறி விழுந்தன. அந்த அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு இரண்டடி முன்னால் வந்து, பையை அவருடைய புதுக் குளிர்ச்சட்டையின் மேல் வைத்துக் கையை எடுத்தார். அண்ணையால் அதைப் பிடிக்காமல் இருக்க முடியவில்லை.

"மிச்சம் ரோட்டடியில் நிற்கிறது" என்றார் அம்மா.

அண்ணை என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். இவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானுக்கு ஓம் சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைக்கவா என்று அண்ணை தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வேண்டாம் அண்ணை" என்றேன். "சேறு. வழுக்கும்."

ஒவ்வொரு பையாக, பாரத்தில் குனிந்து, பொட்டுக்குள்ளால் அவர் சுமந்தார். அந்த அம்மா எங்கள் கொட்டில் வாசலில் நின்று எந்தப் பையை எங்கே வைப்பது என்று காட்டினார்.